சான்று காட்டாத் தமிழ்ப்பற்று

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், மஞ்சளாற்றை ஒட்டி அமைந்த ஊர் தேவதானப்பட்டி. பெயரின் முற்பகுதி வடசொல், பிற்பகுதி தமிழ்ச்சொல். கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைத் தேவதானம் என்று குறிப்பது சோழர் பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் நெடுகக் காணப்படும் வழக்கு. ஆகலின் இவ்வூர்ப் பெயரைக் காணும் தமிழ்ப்பற்றாளர் எவர்க்கும், இதற்கு முன்பு இங்கு வழங்கிய தூய தமிழ்ப்பெயர் யாதாயிருக்கும் என்னும் வினா எழவே செய்யும். வினா எழுவதில் இழுக்கில்லை. அதற்கு விடை சொல்லப்படும் முறையிலேதான் இழுக்கு நேர்கின்றது.

ஒருவர் மேடையில் ஒரு பெயரைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்க. கேட்பதற்கு இனிய பெயர், கைதட்டல் எழுகின்றது. அதனைக் கேட்டிருந்த மற்றொருவர் தம் கட்டுரையில், 'இவ்வூரின் பழம்பெயர் இன்னது என்பர் அறிஞர்' என்று எழுதிவிடுகிறார். மேடையில் ஒருவராயிருந்தவர் தாளில் பலராகி, அறிஞராகவும் ஆகிவிட்டார். மூன்றாமவர் அக்கட்டுரையைப் பார்த்துக் 'கல்வெட்டுகள் கூறுகின்றன' என்று எழுதுகிறார். எந்தக் கல்வெட்டு? எக்கோயிலின் எச்சுவரில் உள்ளது? எவ்வாண்டிற் படியெடுக்கப்பட்டது? எத்தொகுதியில் எந்த எண்ணிட்டு அச்சாயிற்று? இவற்றுக்கு விடை இல்லை. கேட்டவர்க்குத் தமிழ்ப்பகைவர் என்னும் பட்டம் மட்டும் உடனே கிடைத்துவிடுகின்றது. இன்றோ மேடையும் வேண்டியதில்லை. கைப்பேசியிற் புறப்படும் ஒரு வரி மறுநாட் காலைக்குள் 'வரலாற்று உண்மை' ஆகிவிடுகின்றது!

இவ்வூரில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் உள்ளது. அங்குக் கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. அடைத்த கதவுக்கே வழிபாடு நிகழும். அது வழிபடுவோர் உரிமை. பிறர் தலையிட வேண்டுவதில்லை. ஆனால் ஆராய்ச்சி என்பது அடைத்த கதவுக்குச் சூடம் காட்டுவதன்று. உள்ளிருப்பதைப் பகைவனும் வந்து பார்க்கட்டும் என்று கதவைத் திறந்து வைப்பதே ஆராய்ச்சி. அடிக்குறிப்பே அக்கதவின் திறவுகோல். திறவுகோலைக் கொடாமல் 'உள்ளே பொன் இருக்கின்றது, நம்புக' என்பவன் ஆராய்ச்சியாளன் அல்லன்.

இவ்வாறு சொன்னவுடன் ஒரு மறுப்பு எழும். அடிக்குறிப்பும் துணைநூற் பட்டியலும் மேலைநாட்டார் கண்ட சடங்குகள். பல்கலைக்கழகப் பட்டத்திற்காகத் தமிழன் சுமக்கும் அயற்சுமை. உணர்ச்சியோடு எழுதுவார்க்கு அவை எதற்கு என்பர் சிலர். தமிழ் வரலாற்றை அறியாதார் கூற்று இது. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் நடைக்கையேடு முதன்முதல் வெளிவந்தது 1906இல். பவணந்தியாரின் நன்னூலோ எண்ணூறு ஆண்டுகள் பழமையுடையது. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எவற்றைச் சொல்லவேண்டும் என்று அந்நூல் வகுத்துள்ளதை நோக்குக: ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலமும் களமும் கரணியமும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர் என்று தொடர்ந்து சொல்கின்றது. எழுதியவன் யார், எதன்வழி எழுதினான், நூலின் பெயர் யாது, எக்காலத்தில் எவ்விடத்தில் அரங்கேறியது என்பவற்றுக்கு மேலாக இன்றைய துணைநூற் பட்டியல் வேறென்ன கேட்கின்றது? அச்சகத்தின் பெயரும் பக்க எண்ணும்; அவ்வளவே. 'நூல் வந்த வழி' என்பதை எண்ணிப் பார்த்தால் மேலையார் பட்டியலிலும் இல்லாத ஒன்றைத் தமிழர் கேட்டிருக்கின்றனர் என்பது விளங்கும். இறையனார் களவியலுக்கு எழுந்த உரை, நக்கீரர் முதலாக அவ்வுரை யார்யார் வாய்வழியாக வந்தது என்று மாணவர் வழிமுறையைப் பெயர் பெயராக அடுக்கி வைத்திருப்பதும் இம்மரபினாலேயே.

இனி, பெயர் சொன்னதால் தமிழுக்கு விளைந்த ஊதியத்தைக் காண்க. சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் என்று தாம் துணைக்கொண்ட நூல்களைப் பெயர் சொல்லிக் குறித்தார். அவர் குறித்திராவிடின், தமிழர்க்கு இத்துணை இசைநூலும் நாடகநூலும் இருந்தன என்பதையே எவரும் அறிந்திரார். 1970களில் பஞ்சமரபு ஏட்டினின்று அச்சேறியபோது, அதனை ஏற்றுப் போற்றுவதற்கு அவ்வுரையாசிரியரின் ஒரு குறிப்பு எத்துணை உதவியது! முத்தொள்ளாயிரம் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டுத் தொகுத்தவர் பாட்டுகளோடு அவை எடுக்கப்பட்ட நூல்களின் பெயரையும் குறித்து வைத்தமையால் அதன் பாடல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை இன்று 'முத்தொள்ளாயிரம்' என்னும் பெயரோடு உயிர்வாழ்கின்றன. மயிலை சீனி. வேங்கடசாமி மறைந்துபோன தமிழ் நூல்களைப் பற்றித் தனிநூலே எழுத முடிந்ததும், பழைய உரைகாரர் அவற்றை மேற்கோளாகச் சுட்டியிருந்ததாலன்றோ? கறையான் தின்றதையும் வெள்ளம் கொண்டதையும் மீட்டது ஒற்றைவரிக் குறிப்பு.

பெயர் சொல்லாமையால் விளைந்த துன்பமும் சிறிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையோடு பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. அவ்வுரையாசிரியர் மேற்கோள்களை வாரி வழங்குகிறார். நூற்பெயரைச் சொல்வதிலோ கை இறுகிவிடுகின்றது. பிறரும் சொன்னார் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். அவர் காலத்து மாணவர்க்கு அது போதியதாயிருந்திருக்கலாம்; கேட்டவுடனே இஃது இன்ன நூல் என்று அறிந்திருப்பர். அந்நூல்களே பயிற்சியிலிருந்து மறைந்துவிட்ட காலத்தில் வந்த பதிப்பாசிரியர்க்கோ ஒவ்வோரடியும் ஒரு காடாயிற்று. எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடிப் புரட்டி, இவ்வடி இங்குள்ளது என்று ஒவ்வொன்றாக அவர் கண்டெடுக்க நேர்ந்தது. அத்துன்பத்தை அறிந்தவராதலின், தம் பதிப்புகளில் மேற்கோள் நூல்களுக்குத் தனி அகரநிரல் சேர்த்தார். ஏடு உதவியவர் பெயர்களையும் முகவுரையில் எழுதிவைத்தார். நச்சினார்க்கினியர் பேருரையாசிரியரே, ஆயினும் குறை குறையே. அக்குறையை இன்றைய எழுத்தாளர் பின்பற்றுவதற்கு என்ன சாக்கு உண்டு? அவர்க்கு ஓலையும் எழுத்தாணியும். இவர்க்கு அச்சும் கணிப்பொறியும்!

பாவாணர் கண்ட வேர்ச்சொல் விளக்கங்களைப் பெயர் மறைத்துத் தமதாக்கிக்கொள்ளும் ஆய்வேடுகளைத் தூய தமிழன்பர் கடிந்து பேசுவது முற்றும் முறையே. வாழ்நாளெல்லாம் வறுமையோடு போராடி ஒருவர் ஈட்டியதை, மேற்கோட் குறியிடாமல் அள்ளிக்கொள்வது களவன்றி வேறில்லை. ஆனால் அவரைப் போற்றுவோர் செய்யும் தீங்கும் ஒன்றுண்டு, அது பேசப்படுவதில்லை. 'பாவாணர் கூறுவார்' என்று தொடங்கி, நூற்பெயரோ பக்கமோ இன்றி, அவர் எழுதாதவற்றையும் அவர் தலையில் ஏற்றிவிடுகின்றனர். 1940இல் ஒப்பியன் மொழிநூலை எழுதிய பாவாணரும், 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் பொறுப்பேற்ற பாவாணரும் ஒரே ஆளாயினும், முப்பதாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அவர் முடிபுகள் பலவற்றைத் திருத்தியும் விரித்தும் இருக்கின்றது. எவ்வாண்டு நூல், எத்தனையாம் பதிப்பு, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் அவர் பெயரை எடுப்பது, அவரையே பகைவர் நகைப்புக்கு ஒப்படைப்பதாகும். களவாடியவன் பொருளைக் கொண்டுபோனான். பொய்ம்மேற்கோள் காட்டியவன் பெயரையே கெடுத்தான். இவ்விருவருள் எவன் கொடியன்?

இதனினும் பெருங்கேடு ஒன்றுண்டு. தூய்மை செய்வதாக எண்ணிக்கொண்டு மேற்கோளுக்குள்ளேயே கைவைத்தல். பிறர் எழுதிய சொற்றொடரை எடுத்தாளும்போது அதிலுள்ள வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை இட்டு, மேற்கோட் குறியும் இட்டுவிடுகின்றனர் சிலர். நூற்பெயரையே மாற்றிவிடுவாரும் உளர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட 'தமிழ் லெக்சிகன்', ஒருவர் கட்டுரையில் 'தமிழ்ப் பேரகராதி' ஆகின்றது. மற்றொருவர் கட்டுரையில் 'தமிழ் அகரமுதலி' ஆகின்றது. மாணவன் மூன்று வெவ்வேறு நூல்களைத் தேடி நூலகத்தில் அலைகின்றான். அப்பெயர் அயற்பெயர் என்பதில் ஐயமில்லை. தமிழகரமுதலிக்கு இலத்தீன் வழியாக வந்த ஒரு கிரேக்கப் பெயரா என்று கேட்பதும் முறையே. கேட்கவேண்டிய இடம் கட்டுரையின் உடல். அடிக்குறிப்பில் அந்நூலின் முகப்பு என்ன சொல்கிறதோ அதுவே இருத்தல் வேண்டும். அவ்வாறே, நூல்முகப்பில் 'எஸ். வையாபுரிப்பிள்ளை' என்று இருப்பதை 'ச. வையாபுரிப்பிள்ளை' என்று திருத்தி எழுதிவிட்டு, தமிழுக்கு நலஞ் செய்துவிட்டதாக மகிழ்வதில் பொருளில்லை. அவர் கொள்கையை மறுக்க விரும்புவோர், பாவாணர் செய்ததுபோல், அவர் எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்காட்டி, வரிக்கு வரி மறுக்கட்டும். எதிரியின் சொல்லைத் திருத்திவிட்டு மறுப்பது, நிழலோடு மற்போர் செய்வது.

இங்கு மறைமலையடிகளை எண்ணிப் பார்த்தல் தகும். 1902இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'ஞானசாகரம்'. பின்னர் அது 'அறிவுக்கடல்' ஆயிற்று. வேதாசலம் என்னும் பெயர் மறைமலை ஆயிற்று. தம் பழைய நூல்களை மறுபதிப்புச் செய்தபோது, அவற்றிலிருந்த வடசொற்களைத் தாமே களைந்து எழுதினார். நூலாசிரியர்க்கு அவ்வுரிமை உண்டு. எடுத்தாள்பவர்க்கு அஃது இல்லை. 1916க்கு முற்பட்ட அவர் எழுத்தை ஒருவர் 'தூய்மை செய்து' மேற்கோள் காட்டினால் விளைவென்ன? அடிகள் தொடக்கமுதலே தூய தமிழில்தான் எழுதினார் என்றாகும். அவர் உள்ளத்தில் நிகழ்ந்த மாபெரும் மாற்றம், தம் பெயரையே களைந்தெறிந்த துணிவு, தனித்தமிழ் இயக்கம் பிறந்த வரலாறு அனைத்தும் அந்த ஒரு திருத்தத்தில் அழிந்துபோம்! ஆகலின் பழைய பதிப்பை எடுத்தாள்வோர் அடிக்குறிப்பில் முதலில் நூல்முகப்பிலுள்ள பெயரை உள்ளவாறே எழுதி, அதனை அடுத்து அடைப்புக்குள் மறைமலையடிகள் என்று குறித்தலே முறை.

பெயர் என்று வந்தபின் மேலையார் முறையின் குற்றத்தையும் சொல்லியாகவேண்டும். அவர்க்குக் குடும்பப் பெயர் உண்டு. அதனை முன்னிட்டுப் பட்டியல் அமைப்பர். அவர்க்கு அது பொருந்தும். தமிழனுக்கு உள்ளது தன் பெயர் ஒன்று, தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்று. அயல்நாட்டு ஆய்விதழுக்குக் கட்டுரை விடுக்கும் தமிழ்ப்பெண்ணைக் கடைசிப் பெயர் யாது என்று கேட்கின்றனர். அவள் தந்தை பெயரை எழுதுகின்றாள். கட்டுரை வெளிவருகின்றது. அன்றுமுதல் உலகெங்கும் அவ்வாராய்ச்சி அவள் தந்தையின் பெயரால் சுட்டப்படுகின்றது. தேவதானப்பட்டியில் ஏர்பிடித்து உழும் ஒரு முதியவர், தாம் அறியாமலே, மரஞ்செடிகளின் வேதியியலில் வல்லுநராகிவிடுகிறார்! மகளின் பெயரோ ஒற்றை ஆங்கில எழுத்தாய்ச் சுருங்கி ஒரு புள்ளியோடு நின்றுவிடுகின்றது. திருமணத்திற்குப் பின் கணவன் பெயரை இட்டுக்கொண்டவளுக்கோ முன் எழுதியவள் ஒருத்தி, பின் எழுதியவள் மற்றொருத்தி.

இதற்கு மாற்றில்லை என்பார் ஐசுலாந்தை நோக்குக. அங்கும் பெரும்பாலார்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரோடு மகன், மகள் என்னும் பொருள்தரும் ஈறு சேர்த்தே வழங்குவர். அந்நாட்டு மக்கள் தொகை நான்கு இலக்கத்தைக்கூட எட்டவில்லை. எனினும் தம் பட்டியல்களை அவரவர் சொந்தப் பெயராலேயே அகரநிரற் படுத்துவர். மேலைநாட்டு நடைக்கையேடுகளும் அதனை ஏற்றுக்கொண்டுள்ளன. நான்கு இலக்கம் பேர்க்கு உள்ள முதுகெலும்பு ஏழு கோடிக்கு மேற்பட்ட தமிழர்க்கு இல்லையா? தமிழ் ஆய்வேட்டில் 'ஞா. தேவநேயன்' என்றே எழுதித் 'தே' என்னும் எழுத்தின்கீழ் வைப்பதில் எவர்க்கு என்ன இடர்? ஆங்கிலத்தில் எழுதும்போதும் சொந்தப் பெயரையே முதன்மைப் பெயராகக் கொடுத்துவிடலாம். வாழ்நாள் முழுதும் ஒரே வடிவைக் கையாளல் மட்டும் இன்றியமையாதது. முதலெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று தமிழ்நாட்டரசு 2021இல் ஆணை பிறப்பித்தது. அவ்வாணைக்குப் பின்னும், தமிழிலேயே எழுதப்பட்ட ஆய்வேட்டின் முகப்பில் 'எம்.', 'கே.', 'ஆர்.' என்று இடுவார்க்கு என்ன சொல்வது? மு, க, இரா என்னும் எழுத்துகள் அவர்க்குக் கசக்கின்றன போலும்!

இலத்தீன் சுருக்கங்கள்மேற் காட்டும் பற்றும் இவ்வகையதே. 'இபிட்', 'ஆப்சிட்' என்று எழுதினாற்றான் ஆராய்ச்சி ஆகும் என்று எண்ணியிருந்த தலைமுறை ஒன்றுண்டு. சிக்காகோ கையேடே 2017இல் வெளிவந்த பதினேழாம் பதிப்பில் 'இபிட்' வேண்டா, சுருக்கத் தலைப்பே நன்று என்று சொல்லிவிட்டது. அவர்களே கழற்றி வைத்த பழஞ்சட்டையை இன்னும் தமிழன் உடுத்திக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. 'மேலது' என்னும் சொல் தமிழ் ஆய்வேடுகளில் வேரூன்றிவிட்டது, ப., பக்., பதி., தொகு. என்பனவும் அவ்வாறே. இவை போதும்.

ஆண்டுக் குறிப்பு மட்டும் எளிதாகத் தீர்வதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை அச்சான தமிழ் நூல்கள் பலவற்றின் முகப்பில் பிரபவ முதலான அறுபதாண்டுச் சுழலின் பெயரே இருக்கும். அப்பெயர்கள் அறுபதும் வடமொழிப் பெயர்கள் என்பது ஒரு குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், அவை திரும்பத் திரும்ப வருவது. தாது ஆண்டுப் பஞ்சம் என்று மூத்தோர் சொல்லும்போது அது 1876 என்பது விளங்கும். பஞ்சம் அதனை உறுதிசெய்கின்றது. ஒரு நூலின் முகப்பில் தாது என்று மட்டும் இருப்பின் அது 1876ஓ, 1936ஓ, 1996ஓ? திருவள்ளுவர் ஆண்டுக்கு இவ்விடரில்லை. கிறித்துவ ஆண்டோடு முப்பத்தொன்றைக் கூட்டினால் அது கிடைக்கும். ஆனால் திருவள்ளுவர் ஆண்டு தை முதல்நாளிற் பிறப்பதால், சனவரி முதல் இரு கிழமைகளுக்குக் கூட்டவேண்டியது முப்பதே. தூய தமிழ் இதழ்கள் சில திருவள்ளுவர் ஆண்டையும் தமிழ்த் திங்களையும் மட்டும் இடுவதாலும், எடுத்தாள்வோர் கணக்குத் தவறிக் கூட்டுவதாலும், ஒரே கட்டுரை இருவேறு ஆண்டுகளில் வெளிவந்ததாகப் பதிவாகிவிடுகின்றது. இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் தீர்ந்தது. பெருமை குறைந்துவிடாது.

பழம்பாட்டுகளுக்குப் பக்க எண் தருவதும் வீண். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். பாட்டெண்ணும் அடியெண்ணும் மாறா. புறம், அகம், குறுந்தொகை என்று சுருக்கிப் பாட்டெண் இடும் தமிழ்முறை எந்த மேலைமுறைக்கும் தாழ்ந்ததன்று. எனினும் திருக்குறளில் பரிமேலழகர் வைப்புமுறை வேறு, மணக்குடவர் வைப்புமுறை வேறு. தொல்காப்பியத்தில் உரையாசிரியர்க்கு ஏற்ப நூற்பா எண் சிற்சில இடங்களில் வேறுபடும். யார் உரைப்படி என்று ஒரு சொல் சேர்க்காவிடின், படிப்பவன் தவறான நூற்பாவிற்போய் நிற்பான்.

இவ்வளவும் நுணுக்கம், இவற்றால் தமிழ் வாழ்ந்துவிடுமா என்று கேட்பார்க்கு, தேவதானப்பட்டியிலிருந்து பெரியகுளமும் தேனியும் கடந்தால் வரும் சின்னமனூரே விடை. அங்குக் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் இரு தொகுதிகள். சிறியது ஒன்று, பெரியது ஒன்று. மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியர் பெருமையாகச் சொல்லும் செய்தி பெரிய செப்பேட்டில் உள்ளது. மேடைதோறும் இச்செய்தி முழங்கப்படுகின்றது. 'சின்னமனூர்ச் செப்பேடு கூறுகிறது' என்பதோடு முழக்கம் முடிந்துவிடுகின்றது. எந்தச் செப்பேடு? பெரிய செப்பேட்டில் கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிப் பகுதியும் உண்டு. வட்டெழுத்தில் அமைந்த தமிழ்ப்பகுதியும் உண்டு. சொன்னது எப்பகுதி? இதனைக் குறிக்காமல் விடுவது தமிழர்க்கே இழப்பு. அச்செய்தி தமிழ்ப்பகுதியில், தமிழிலேயே எழுதப்பட்டுள்ளது என்பதன்றோ அதன் சிறப்பு!

அதே செப்பேட்டில் இன்னொன்றும் உள்ளது. அதனை ஏனோ மிகச் சிலரே எடுத்துப் பேசுகின்றனர். கம்பம் பள்ளத்தாக்கைச் சார்ந்த அளநாட்டில் நற்செய்கைப்புத்தூர் என்றோர் ஊர் இருந்தது. அதனைப் பாண்டியன் இராசசிம்மன் பார்ப்பனர் ஒருவர்க்குக் கொடையாக அளித்தபோது, அவ்வூர்க்கு மந்தரகௌரவமங்கலம் என்னும் பெயர் இடப்பட்டது. தமிழ்ப்பெயர் நீக்கி வடமொழிப் பெயர் சூட்டியதற்கு, சூட்டிய அரசனே செம்பில் வெட்டுவித்த சான்று! இரண்டு பெயரும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. இதனை மறுக்க எவராலும் இயலாது. ஏனெனில் இதற்கு அடிக்குறிப்பு எழுத முடியும்: சின்னமனூர்ப் பெரிய செப்பேடு, தமிழ்ப்பகுதி, தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 3, பகுதி 4, பதிப்பாசிரியர் எச். கிருஷ்ண சாஸ்திரி, 1929. பதிப்பாசிரியர் பெயர் கிரந்த எழுத்தோடு இங்கு நிற்பதைக் கண்டு முகஞ்சுளிப்பார் சுளிக்கட்டும். அவர் பெயர் அது. தமிழ்ப் பதிப்பு வேண்டுவார்க்கு 1967இல் வெளிவந்த 'பாண்டியர் செப்பேடுகள் பத்து' உண்டு.

நூலகத்தில் அத்தொகுதியைக் கேட்டு வாங்கும் பள்ளி மாணவனும் நற்செய்கைப்புத்தூர் என்னும் பெயரின்மேல் விரல்வைத்துக் காட்டலாம். 1946இல் 'ஊரும் பேரும்' எழுதிய ரா.பி. சேதுப்பிள்ளை பக்கந்தோறும் கல்வெட்டெண்களை அடியில் இட்டுச் சென்றதும் இதற்காகவே. தேவதானப்பட்டிக்குப் பழம்பெயர் சொல்ல விரும்புவோரும் அத்தகைய செப்பேட்டையோ கல்லையோ எண்ணோடு கொண்டுவரட்டும். 1996இல் தேனி மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முற்பட்ட பதிவுகளில் அவ்வூர் மதுரை மாவட்டத்தின்கீழ் இருக்கும் என்பதை மறவாமல் தேடட்டும். அதுவரை அவர்கள் ஆய்வேட்டில் ஊர்ப்பெயர் தேவதானப்பட்டி என்றே இருக்கட்டும்.